அம்மா நடக்கணுமா, படுக்கணுமா?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 44 வயது. சின்ன வயதிலிருந்து கடலில் பாசி எடுக்கிறவர். எட்டு மாதத்துக்கு முன் கொரோனா வந்தது, பரிசோதனையில் உறுதியானது. ஐந்து நாள் காய்ச்சல், இருமல். ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை, ஆக்சிஜனும் வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா பழைய அம்மாவாக இல்லை. மணலைத் தாண்டி ரோட்டுக்கு ஏறினாலே மூச்சு வாங்குகிறது. குத்தவைத்து மீன் அரிந்துவிட்டு எழுந்தால் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது. ஒரு நாள் நன்றாக இருக்கிறார், எல்லா வேலையும் பார்க்கிறார். அடுத்த இரண்டு நாள் பாயை விட்டு எழ முடியவில்லை. இடையில் இரண்டு தடவை பாசிக்குப் போனார். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது சுகமாக இருந்ததாம், கரையேறியதும்தான் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஒரு பிசியோதெரபி மையத்தில் சைக்கிளும் படி ஏறும் பயிற்சியும் கொடுத்து, வாரா வாரம் கூட்டச் சொன்னார்கள். மூன்றாம் வாரம் படுத்தவர் ஒரு வாரம் எழவில்லை. சொந்தக்காரர்களோ, "படுத்தே கெடந்தா கை காலு வெளங்காமப் போயிரும், கடக்கரையில தெனமும் ஒரு மணி நேரம் நட" என்கிறார்கள். அம்மா நடக்கணுமா, படுக்கணுமா? மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவி வாங்கி வைத்திருக்கிறோம், அது உதவுமா? திரும்பப் பாசிக்குப் போக முடியுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு அம்மா கடற்கரையில் நடக்க வேண்டாம். நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். எந்த வேலையையும் துண்டு துண்டாக, உடம்பு தாங்கும் அளவுக்குள் செய்ய வேண்டும். அந்த அளவு எது என்பது வேலை செய்கிற அன்று தெரியாது. அடுத்த மூன்று நாளில்தான் தெரியும். சைக்கிள் பயிற்சி தவறிப்போனது இந்த இடத்தில்தான்.

கொரோனா வந்து மூன்று மாதம் கழித்தும் தொந்தரவு இருந்து, அது குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் அதை விளக்க முடியவில்லை என்றால் அதை நீடித்த கொரோனா என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. முதல் காய்ச்சல் லேசாக இருந்தவர்களுக்கும் இது வரும். ஆக்சிஜன் வைக்கவில்லையே, பிறகு ஏன் இப்படி என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இதில் பலருக்கு இருக்கும் ஒரு குணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ஒரு நாள் வேலை, இரண்டு நாள் பாய். உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவு பெரும்பாலும் 12 மணி நேரம் முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் வரும். திங்கட்கிழமை இரண்டு குடம் தண்ணீர் தூக்கியதற்கு புதன்கிழமை உடம்பு வலிக்கும். அதற்குள் இரண்டையும் தொடர்புபடுத்தவே தோன்றாது, "சும்மாதானே இருந்தேன், ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் 25 நோயாளிகளை சைக்கிள் மிதிக்க வைத்து, மிதிப்பதற்கு முன்னும் பின்னும் தொடைத் தசையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வு 2024 ஜனவரியில் வெளிவந்தது. தசை செல்களுக்குள் சக்தி உண்டாக்கும் பகுதி சரியாக வேலை செய்யவில்லை. மிதித்த பிறகு தசையில் சேதமும் கூடியிருந்தது. ஆகவே அம்மாவுடையது சோம்பலும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. இதை அவர் காதுபட நீங்கள் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக யாரும் நம்பாத ஒரு அசதியைச் சுமப்பவருக்கு அதுவே பாதி ஆறுதல்.

அந்த மையத்தில் கொடுத்த பயிற்சியை முழுக்கத் தவறு என்று தள்ள மாட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடந்து, தசை வற்றி, நுரையீரல் அடிபட்டு வந்தவருக்கு, வேலை செய்த பிறகு சரிவு வராதவராக இருந்தால், படிப்படியாகக் கூட்டும் பயிற்சி நல்ல பலன் தரும். சரிவு இருக்கிறவருக்கு அதே பயிற்சி ஊறு செய்யும். உலக பிசியோதெரபி அமைப்பு 2021 ஜூனிலேயே இதை எச்சரித்தது: பயிற்சி எழுதும் முன் சரிவு இருக்கிறதா என்று கேள், இருந்தால் வாரா வாரம் கூட்டாதே என்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 செப்டம்பர் வழிகாட்டுதலும் இப்படிப்பட்டவர்களுக்கு அளவறிந்து வேலை செய்வதைத்தான் முன்வைக்கிறது. அடுத்த முறை எந்த பிசியோவிடம் போனாலும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "வேலை செஞ்சா ரெண்டு நாள் கழிச்சுப் படுத்துடுறாங்க."

பயிற்சி பேசுவதற்கு முன்னால் சில பரிசோதனைகள் முடிந்திருக்க வேண்டும். கொரோனா மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு, எளிதாகச் சரிசெய்யக் கூடிய ஒன்றைத் தவறவிடக் கூடாது. 44 வயதில் மாதவிலக்கில் அதிக ரத்தம் போகிறதா? ரத்தசோகை ஒன்றே மூச்சிரைப்பையும் படபடப்பையும் உண்டாக்கும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12, மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டருக்குத் தேவை என்று பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுப்பார். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், மாலைக் காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால், காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்; அரசு மருத்துவமனையில் இலவசம். இவற்றில் பலவற்றை இராமேஸ்வரம் அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். அங்கே இல்லாததற்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

இராமநாதபுரம் போகிற நாள் அம்மாவுக்குப் பெரிய உழைப்பு நாள் என்பதை மறக்காதீர்கள். பேருந்து, வெயில், ஓ.பி. வரிசை, பேச்சு எல்லாம் கணக்கில் சேரும். முந்தின நாளும் அடுத்த மூன்று நாளும் வேறு வேலை வைக்காதீர்கள். வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அம்மா உட்காரட்டும். கையில் ஒரு மடக்கு ஸ்டூல், தண்ணீர், ஒரு பக்கத்தில் எழுதிய தொந்தரவுப் பட்டியல் இருக்கட்டும். அங்கே போய் நினைவுபடுத்திச் சொல்லும் நிலையில் அவர் இருக்க மாட்டார்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் நான்கு விஷயம் எழுதுங்கள்: காலையில் கண் விழித்ததும் எழாமல் எடுத்த நாடித்துடிப்பு; அன்று செய்த வேலைகள், எத்தனை நிமிடம் என்று; இரவு அசதி பூஜ்யம் முதல் பத்துக்குள் எத்தனை; தூக்கம் எப்படி. வேலை என்றால் கல்யாண வீட்டுக்குப் போனது, குழுக் கூட்டத்தில் கணக்குப் பார்த்தது, யாருடனாவது சண்டை போட்டது, வெயிலில் நின்றது எல்லாமே சேர்த்தி. மூளை உழைப்பும் மனக் கொதிப்பும் அதே சேமிப்பிலிருந்துதான் செலவாகின்றன. இரண்டு வாரம் எழுதிய பிறகு, மோசமான நாளைப் பார்த்து, அதற்கு முந்தின மூன்று நாட்களில் விரலை வைத்துப் பாருங்கள். எது கூடிப்போனது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மாதவிலக்கு நாட்களையும் குறித்து வையுங்கள். அதை ஒட்டி மோசமாகிறவர்கள் நிறைய.

நாடி பார்க்க: கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் உங்கள் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏழு நாள் காலை எண்களின் சராசரி எடுங்கள். அதோடு 15 கூட்டினால் வருவதை முதல் சில வாரங்களுக்கு மேல்வரம்பாக வைத்துக்கொள்ளலாம். சராசரி 78 என்றால் 93. உட்கார்ந்து செய்யும் வேலையில் நாடி அதைத் தாண்டினால் நிறுத்தி, சாய்ந்துகொள்ள வேண்டும். நாடியைக் குறைக்கும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அம்மாவுக்கு எழுந்து நின்றாலே 93ஐத் தாண்டக் கூடும். அதற்குக் காரணம் வேறு, கீழே சொல்கிறேன். அதைப் பார்த்துப் பதறி நிற்பதையே விட்டுவிட வேண்டாம்.

அளவு எப்படி வைப்பது? நல்ல நாளில் "இன்னும் செய்யலாம்" என்று தோன்றும் வேலையில் முக்கால் பங்கோடு நிறுத்தச் சொல்லுங்கள். கஷ்டமே நல்ல நாளில்தான். மோசமான நாளில் யாரும் அதிகம் செய்துவிட முடியாது. நல்ல நாளில்தான் சேர்ந்துகிடந்த துணியெல்லாம் துவைத்து, வீட்டைக் கழுவி, கருவாட்டைக் காயப்போட்டு, புதன்கிழமைக்கான வினையை விதைக்கிறார்கள். பத்து அல்லது பதினைந்து நிமிட வேலை, பிறகு பத்து நிமிடம் கண்ணை மூடிப் படுக்கை. களைத்த பிறகு படுப்பதில் பலன் குறைவு, களைக்கும் முன் படுக்க வேண்டும். மொபைல் பார்த்துக்கொண்டு படுப்பது ஓய்வாகாது.

அரிவாள்மனையில் குத்தவைத்து மீன் அரிவதை நிறுத்துங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, மேசை மேல் பலகையும் கத்தியும் வைத்து நறுக்கட்டும், அல்லது நீங்கள் அரிந்து கொடுங்கள். அடுப்படியில் உயரமான ஸ்டூல் போடுங்கள். குளிக்கும்போது பிளாஸ்டிக் நாற்காலி. தண்ணீர் சூடாக இருக்க வேண்டாம், சூடு ரத்தக்குழாயை விரிக்கும், எழுந்தால் மயக்கம் வரும். குடம் தூக்குவதை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். முடியாதென்றால் அரைக் குடமாக, இடைவெளி விட்டு. வெளி வேலை பதினோரு மணிக்கு முன், அல்லது நாலு மணிக்குப் பின்.

இப்போது தண்ணீரில் சுகம், கரையில் மயக்கம் என்ற விஷயம். இது பெரிய துப்பு. நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். நரம்புகள் உடனே குழாய்களை இறுக்கி அதை மேலே தள்ளும். நீடித்த கொரோனாவில் இந்தத் தானியங்கி நரம்பமைப்பு பலருக்குத் தடுமாறுகிறது. ரத்தம் கீழேயே தேங்க, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது: அதுதான் படபடப்பு. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது தண்ணீரின் அழுத்தமே காலைப் பிடித்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது, உடம்பும் குளிர்ந்திருக்கிறது. கரையேறியதும் அந்தப் பிடி விட்டுப்போகிறது, மேலே வெயில், ஈரச் சாக்கின் கனம் வேறு. விழாமல் என்ன செய்வார்?

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. செவிலியரோ பிசியோவோ பக்கத்தில் இருக்கும்போது செய்வது நல்லது. அம்மா பத்து நிமிடம் மல்லாந்து படுக்கட்டும், பி.பி.யும் நாடியும் எடுத்துக் குறியுங்கள். பிறகு சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் குதிகாலை ஊன்றி, தோள் மட்டும் சுவரில் சாய்ந்து, அசையாமல், பேசாமல் பத்து நிமிடம் நிற்கட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் எழுதுங்கள். பி.பி. பெரிதாக இறங்காமல் நாடி மட்டும் 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நின்றால், பாட்ஸ் என்று டாக்டர்கள் சொல்லும் கோளாறாக இருக்கலாம். மேல் பி.பி. 20 அல்லது கீழ் பி.பி. 10 இறங்கினால் அது வேறு. நீர்ச்சத்துக் குறைவு, மருந்து என்று காரணம் தேட வேண்டும். கண் இருட்டினால் உடனே படுக்க வையுங்கள், சோதனையை முடித்தே ஆக வேண்டும் என்று இல்லை. அந்த எண்களோடு டாக்டரைப் பாருங்கள். இந்தச் சோதனையும் உழைப்புதான், அடுத்த நாட்களை அதற்கேற்பக் காலியாக வையுங்கள்.

மருந்துக்கு முன்னாலேயே செய்யக் கூடியவை இருக்கின்றன. காலையில் பாயில் உட்கார்ந்தபடியே இரண்டு டம்ளர் தண்ணீர். நாளைக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர். பி.பி. கூடுதலோ சிறுநீரக, இதயக் கோளாறோ இல்லை என்று டாக்டர் சொன்னால் உப்பைக் கொஞ்சம் கூட்டலாம்: உப்பிட்ட மோர், நீராகாரம், அல்லது ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைத்து நாள் முழுக்கச் சிறிது சிறிதாக. சர்க்கரை நோய் இருந்தால் ஓ.ஆர்.எஸ். வேண்டாம், மோர் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தம் வயிற்றுக்கு இழுபடும். மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளட்டும். இறுக்கமான நீளக் காலுறை எழுதிக் கொடுப்பார்கள். நம் கரை வெக்கையில் அதை யாரும் ஒரு வாரத்துக்கு மேல் போடுவதில்லை. பிரசவத்துக்குப் பின் கட்டும் வயிற்றுப் பெல்ட்டை எழுவதற்கு முன் கட்டிக்கொண்டு, படுக்கும்போது கழற்றினால் ஓரளவு அதே வேலையைச் செய்யும். எழும்போது மூன்று கட்டம்: படுத்தபடி பாதத்தை முன்னும் பின்னும் இருபது முறை ஆட்டு, உட்கார்ந்து ஒரு நிமிடம் இரு, பிறகு எழுந்து, எதையாவது பிடித்துக்கொண்டு பத்து எண்ணிவிட்டு நட.

மூச்சு விஷயத்துக்கு வருவோம். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் கிடைத்தால் உட்கார்ந்திருக்கும்போதும், வீட்டுக்குள் நாற்பது அடி வைத்து நடந்த பிறகும் அளவு பாருங்கள். நகச்சாயம் இல்லாத, வெதுவெதுப்பான விரல் வேண்டும். பாசி எடுக்கிறவர்களின் விரல் நுனி வெட்டுப்பட்டுத் தடித்திருக்கும். மோதிர விரலில் சரியாக விழாவிட்டால் மற்ற விரல்களில் பாருங்கள், எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். நடந்த பிறகு 3 அல்லது அதற்கு மேல் இறங்கினால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், நுரையீரல் பரிசோதனைதான் முதலில். இறங்கவே இல்லை, ஆனாலும் மூச்சு வாங்குகிறது என்றால், பெரும்பாலும் மூச்சு விடும் முறை கெட்டுப்போயிருக்கும்: மேல் மார்பால், வாயால், வேகமாக, நடுநடுவே பெருமூச்சு. பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் தோள்பட்டை ஏறி இறங்குவது தெரியும்.

இதற்கு ஆழமாக இழுக்கச் சொல்வது வழக்கம். வேண்டாம். இழுக்க இழுக்க விரல் நுனி மரத்து, தலை கிறுகிறுக்கும். முழங்காலுக்குக் கீழ் தலையணை வைத்துப் படுத்து, ஒரு கை வயிற்றில். வாயை மூடி, மூக்கால், மெதுவாக, கொஞ்சமாக, இரண்டு எண்ணும்வரை உள்ளே. வயிற்றுக் கை மட்டும் உயர வேண்டும். சூடான கஞ்சியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை வெளியே. ஐந்து நிமிடம், காலையும் மாலையும். படுத்துப் பழகிய பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. மூச்சு முட்டும் நேரத்தில் நிமிர்ந்து நிற்காமல், கவிழ்த்த ஐஸ் பெட்டியிலோ படியிலோ உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றட்டும். உட்கார இடம் இல்லையென்றால் கரையில் கிடக்கும் வல்லத்தின் விளிம்பில் கையை ஊன்றிச் சாயலாம்.

மூன்று பந்துக் கருவி அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரல் அடிப்பகுதி சுருங்காமல் இருக்கக் கொடுப்பது. அதை ஊதக் கூடாது, குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும்; பாதிப் பேர் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் தொந்தரவுக்கு அதனால் பெரிய பலன் வராது. மூன்று பந்தையும் எழுப்பியே தீர வேண்டும் என்று முக்கி உறிஞ்சினால் கிறுகிறுப்புதான் கூடும். எடுத்து வைத்துவிடுங்கள்.

உடற்பயிற்சி எப்போது? நோட்டில் தொடர்ந்து பத்துப் பதினைந்து நாள் சரிவு இல்லாமல் போன பிறகுதான். தொடக்கம் படுத்த நிலையில், ஏனென்றால் நின்றால் இதயத்துக்கு இரட்டை வேலை. பாதத்தை ஆட்டுவது பத்து முறை. குதிகாலைப் பாயில் உரசியபடி முழங்காலை மடக்கி நீட்டுவது காலுக்கு ஐந்து. முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பை ஒரு சாண் தூக்கி மூன்று எண்ணி இறக்குவது ஐந்து. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிட ஓய்வு. உடம்பு படும் பாடு பத்தில் இரண்டைத் தாண்டக் கூடாது. முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வாரத்துக்கு இரண்டே நாள், திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் செய்தால் எந்த நாள் எந்தச் சரிவைக் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு வாரம் அமைதியாகப் போனால் ஒன்றை மட்டும், கொஞ்சம் மட்டும் கூட்டுங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவது, அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் தூக்குவது. அதற்குப் பிறகு நாற்காலியிலிருந்து மூன்று முறை எழுந்து உட்காருவது. அதுவும் ஒத்துக்கொண்டால் காலை வெயில் ஏறும் முன் தெருவில் மூன்று நிமிட நடை. சரிவு வந்தால் பயிற்சியை நிறுத்தி, பழைய நிலைக்கு வரும்வரை ஓய்வு. திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்தில் பாதி அளவிலிருந்து. "மூணு வாரம் வீணாப்போச்சே" என்று ஈடுகட்டப் பார்ப்பதுதான் அடுத்த சரிவுக்கு வழி.

நடை தெருவில்தான், மணலில் வேண்டாம். அதே வேகத்தில் நடந்தாலும் காலைப் புதைக்கும் மணலில் கெட்டித் தரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. கடற்கரையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னவர்கள், ரோட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நெஞ்சு வலி, மயங்கி விழுதல், உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் 92 அல்லது கீழே, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இருமலில் ரத்தம், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் பலமிழப்பது: இவற்றில் எது வந்தாலும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாகப் பாசி. இதற்குத் தேதி கொடுக்க என்னால் முடியாது. சில மாதங்களில் போனவர்களும் உண்டு, ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்களும் உண்டு. ஆனால் எந்த வரிசையில் திரும்ப வேண்டும் என்று சொல்ல முடியும். இந்தத் தொழிலின் அமைப்பே அம்மாவுக்கு எதிராக இருக்கிறது: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தொடர்ந்து நாட்கணக்கில் மூழ்கி எடுப்பது, பிறகு இடைவெளி. சரிவு வரும் உடம்புக்கு வேலையும் ஓய்வும் மாறி மாறி வர வேண்டும். ஆறு நாள் அடுக்கி வைத்தால் மூன்றாவது நாளே விழுவார்.

முதல் கட்டம் கரை வேலை. மற்றவர்கள் கொண்டுவரும் பாசியில் மண்ணும் சிப்பியும் பொறுக்குவது, காய்ந்ததைத் தரம் பிரிப்பது. நிழலில், நாற்காலியில், அரை மணி நேரம். அதற்குக் கூலியில் ஒரு பங்கு தர முடியுமா என்று உடன் போகும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். நம் கரையில் அந்த மனசு உண்டு. ஒரு மாதம் அது நிலைத்தால், பதினைந்து நிமிடம் ஆழமில்லாத இடத்தில், கைக்கு எட்டும் பாசி மட்டும், பக்கத்தில் ஒருவர் துணையோடு. மூன்று நாள் இடைவெளி விடாமல் மறுபடி இறங்க வேண்டாம். வெளியே வரும்போது நேராக எழுந்து நடந்து வரக் கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீரில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, பிறகு எழ வேண்டும். ஈரச் சாக்கை வேறொருவர் தூக்கட்டும். தூக்க ஆள் இல்லாத நாளில் இறங்கவே வேண்டாம்.

மூச்சடக்கி மூழ்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. தெருவில் அரை மணி நடந்து, குடம் தூக்கி, மூன்று மாதமாவது சரிவு இல்லாமல் இருந்து, மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி, நுரையீரல் ஊதும் சோதனை மூன்றும் சரி என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான். தண்ணீருக்கு அடியில் மயக்கம் வந்தால் கரையில் வருவதுபோல உட்கார்ந்துகொள்ள முடியாது. மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு இறங்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மேலே வர வேண்டும் என்ற தவிப்பு தாமதமாகும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பும். ஆரோக்கியமானவரையே கொல்லக் கூடிய பழக்கம் அது. அம்மா மட்டுமில்லை, உடன் போகிறவர்களும் அதை விட வேண்டும் என்று சொல்லுங்கள்.

மாதா மாதம் இராமநாதபுரம் போக முடியாதென்றால், உங்கள் கிராமச் செவிலியரிடம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பார்ப்பதும் அடக்கம். வருகிறவரிடம் நோட்டைக் காட்டி, நாற்காலிப் பயிற்சியை உங்கள் முன்னாலேயே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து அம்மா எப்படி இருந்தார் என்பதை அவருக்குப் போனில் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அவர் அடுத்த அளவை எழுத முடியும்.